தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

"நான் வெளியூர் போகும்போது வீட்டில் மனைவி தனியாக இருக்கிறாள். அவளுக்கு ஒரு ரைஃபிள் வாங்கவேண்டும். எந்தக் காலிபர் நல்லது?" அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் மேசைக்குப் பின்னால் நிற்பவர்கள் இந்தக் கேள்வியைப் பல குரல்களில் கேட்டிருப்பார்கள். கேட்பவர் கணவர். மனைவி பெரும்பாலும் உடன் வந்திருக்கமாட்டார். தொழில் தெரிந்த விற்பனையாளர் காலிபர் பற்றிப் பேச்செடுக்கமாட்டார். "அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொல்வார்.

தட்டிக் கழிப்பதற்காக அவர் அப்படிச் சொல்வதில்லை. ரைஃபிளின் பின்கட்டை தோளில் பதியும் இடத்திலிருந்து விசை வரை உள்ள தூரம்தான் முதலில் பார்க்கவேண்டிய அளவு. வழக்கமான ரைஃபிள்களில் அது பதின்மூன்றரை முதல் பதினான்கு அங்குலம். சராசரி உயரமுள்ள ஆணுக்குச் சரியாக இருக்கும். ஐந்தடி இரண்டங்குலப் பெண் அதையே தூக்கினால் முன்கை முழுதும் நீண்டுவிடும். குழலின் பாரத்தைத் தாங்க மேலுடம்பு பின்னால் சாயும். சாய்ந்து நிற்பவரை ஒவ்வொரு வெடியும் இன்னும் பின்னால் தள்ளும். இரண்டாவது குறி தவறும். பத்துத் தோட்டா சுடுவதற்குள் "இது எனக்கு ஒத்துவராது" என்று அவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவார். ஒத்துவராதது அவருடைய குறையே அல்ல. கட்டை ஒன்றரை அங்குலம் நீளமாக இருந்தது, அவ்வளவுதான்.

அளவு பார்க்கும் முறை எளிது. துப்பாக்கி காலி என்பதை இருவர் தனித்தனியே பார்த்து உறுதிசெய்கிறார்கள். பாதுகாப்பான திசையில் குழலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றச் சொல்கிறார் பயிற்றுநர். கன்னம் கட்டையில் தானாகப் படிந்த பிறகு கண்ணைத் திறக்கவேண்டும். குறிநோக்கியின் நடுவில் பார்வை நின்றால் கட்டை பொருந்துகிறது. கழுத்தை நீட்டித் தேடவேண்டியிருந்தால் பொருந்தவில்லை. அடுத்து, இரண்டு கைகளையும் நீட்டி உள்ளங்கைகளுக்கு இடையே சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்தில் உள்ள ஒரு பொருளைப் பார்க்கச் சொல்வார். ஒவ்வொரு கண்ணாக மூடினால் எந்தக் கண் ஆளுகிறது என்று தெரிந்துவிடும். வலக்கைப் பழக்கமும் இடக்கண் ஆளுமையும் உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்கள் இடத்தோளில் வைத்துச் சுடப் பழகலாம், அல்லது இரு கண்களையும் திறந்தபடி பார்க்கும் ரெட் டாட் என்ற சிவப்புப் புள்ளிக் குறிநோக்கியைப் பொருத்திக்கொள்ளலாம். வாங்கும் முன்பே தெரிந்தால் இது சின்ன விஷயம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் காலிபர். அங்கே பேச்சு பெரும்பாலும் ஏஆர்-15 பக்கம் திரும்பும். யூஜின் ஸ்டோனர் ஆர்மலைட் நிறுவனத்தில் வடிவமைத்து, 1959-இல் கோல்ட் நிறுவனத்தின் கைக்குப் போன துப்பாக்கி அது. பொதுவெளியில் அதன் பெயர் வரும் சூழல்கள் கொடூரமானவை. அதைத் தெரிந்துகொண்டேதான் பயிற்றுநர்களும் பேசுகிறார்கள். ஆனால் சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கு அது ஏன் பொருந்துகிறது என்பதற்கு இயந்திரக் காரணங்கள் உண்டு. பின்கட்டையை ஒரு பொத்தானை அழுத்தி நீட்டலாம், சுருக்கலாம். ஒரே துப்பாக்கி கணவருக்கும் மனைவிக்கும் நொடியில் அளவாகிவிடும். சாதாரண வடிவில் எடை சுமார் மூன்று கிலோ. அது சுடும் .223 ரெமிங்டன் தோட்டாவின் தலை சுமார் மூன்றரை கிராம்தான். ஆகவே உதைப்பு மிகக் குறைவு. மான் வேட்டைக்காரர்களின் .308 ஏறக்குறைய அதன் நான்கு மடங்கு உதைக்கும். 12 கேஜ் ஷாட்கன் இன்னும் மோசம். "பெண்களுக்கு ஷாட்கன்தான், குறி பார்க்கவே வேண்டாம்" என்று பரம்பரையாகச் சொல்லப்படும் அறிவுரை இரண்டு வகையில் தவறு. வீட்டின் அறைக்குள் இருக்கும் தூரத்தில் அதன் குண்டுகள் சில அங்குலத்துக்கு மேல் பரவுவதில்லை. குறி பார்த்தே ஆகவேண்டும். உதைப்போ பழகவிடாமல் விரட்டும்.

9 எம்.எம். கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் கார்பைன்களையும் பலர் கேட்கிறார்கள். தோட்டா மலிவு, சத்தம் சற்றுக் குறைவு. ஆனால் ஒரு விஷயம் புதியவர்களை ஏமாற்றும். இவற்றில் பெரும்பாலானவை, கனமான இரும்புத் துண்டு ஒன்று வெடிப்பின் வேகத்தில் நேராகப் பின்னால் பாயும் எளிய இயக்கம் கொண்டவை. அதனால் வலுக்குறைந்த தோட்டாவாக இருந்தும், வாயுவால் இயங்கும் ஏஆர்-15 அளவுக்கோ கொஞ்சம் கூடுதலாகவோ தோளில் இடிக்கும். காகிதத்தில் சின்ன எண்ணைப் பார்த்து வாங்கியவர்களுக்குச் சுடுகளத்தில்தான் இது தெரியவருகிறது.

எளிதாகக் கையாளக்கூடிய இலேசான துப்பாக்கி என்ற தேவைக்கு அமெரிக்க ராணுவமே ஒருமுறை விடை தேடியது. முன்னணிக் காலாட்படை அல்லாத வண்டியோட்டிகள், பீரங்கிக் குழுவினர், செய்தித் தொடர்புப் படையினர் ஆகியோருக்காக 1941-இல் ஏற்கப்பட்டது எம்1 கார்பைன். காலியாக எடை 2.4 கிலோவுக்கும் குறைவு. இரண்டாம் உலகப் போரில் அறுபது லட்சத்துக்கு மேல் செய்தார்கள். துப்பாக்கி சுடுவது முழுநேர வேலையல்லாத ஒருவர், குறைந்த பயிற்சியோடு, கைத்துப்பாக்கியைவிட நம்பிக்கையாகச் சுடவேண்டும் என்பதே அதன் நோக்கம். வீட்டில் இருப்பவரின் தேவையும் அதுதானே! இன்றைக்கு அதன் தோட்டா விலை கூடுதல், பழைய துப்பாக்கிகள் சேகரிப்பாளர் கைக்குப் போய்விட்டன. என்றாலும் தூக்கிப் பார்த்தவர்களுக்கு எடையின் அருமை புரியும். கைக்கு அடங்கிய ஏஆர்-15-இல் விளக்கு, முன்பிடி, பெரிய குறிநோக்கி என்று ஏற்றி ஏற்றி நான்கு கிலோவாக்கி மனைவியிடம் நீட்டும் கணவர்களுக்கு இதைத்தான் காட்டவேண்டும்.

.300 பிளாக்அவுட் பற்றி ஓர் எச்சரிக்கை. 2011-இல் தர அங்கீகாரம் பெற்ற இந்தத் தோட்டா, ஏஆர்-15-இன் அதே மேகசினில் போகும்; குழல் மட்டும் வேறு. வசதிதான். ஆனால் சில வகைத் தோட்டாக்கள் தவறுதலாக ஏஆர்-15-இன் வழக்கமான 5.56 மில்லிமீட்டர் குழலுக்குள்ளும் நுழைந்து, கதவும் மூடிக்கொள்ளும். விசையை அழுத்தினால் ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர் ஈயம் ஆறு மில்லிமீட்டர்கூட இல்லாத குழலுக்குள் போக முயலும். துப்பாக்கி முகத்தருகே வெடித்துச் சிதறும். இருவர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், இருட்டில், பதற்றத்தில் எடுக்கவேண்டிய மேகசின் எது என்ற சந்தேகமே வரக்கூடாது. ஒரு வீட்டுக்கு ஒரு காலிபர் போதும்.

அமெரிக்க வீடுகளின் உட்சுவர் செங்கல் அல்ல. மரச்சட்டத்தின் இருபுறமும் அரை அங்குல ஜிப்சம் பலகை அறைந்தது. உடலைத் தடுத்து நிறுத்தும் ஆற்றலுள்ள எந்தத் தோட்டாவும் அந்தப் பலகையைத் துளைக்கும். அடுத்த அறையில் பிள்ளைகள் உறங்கலாம். இலேசான, விரைந்து விரியும் .223 தோட்டா, பலகையில் பட்டதும் நிலைகுலைந்து சிதறத் தொடங்கும். கனமான கைத்துப்பாக்கித் தோட்டாக்களும் ஷாட்கனின் பெரிய குண்டுகளும் நேரே பல சுவர்களைக் கடந்துபோகும். பலர் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறு இது. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் தன் ஆட்கள் இருவரை இழந்த எஃப்.பி.ஐ., அதன்பின் தோட்டாக்களை ஜெல்லில் சுட்டுச் சோதிக்கும் முறையை வகுத்தது. 12 முதல் 18 அங்குலம் ஊடுருவவேண்டும் என்பது அதன் அளவுகோல். அந்தச் சோதனைகளில் சுவர்ப்பலகையும் ஒரு தடை. தோட்டாப் பெட்டி வாங்குமுன் அந்த முடிவுகளைப் படிப்பது, காலிபர் சண்டையில் கழிக்கும் மாலைகளைவிடப் பயனுள்ளது. அதைவிடவும் முக்கியம், படுக்கையறையில் எந்த மூலையில் நின்றால் குழல் பிள்ளைகளின் அறைப் பக்கம் திரும்பாது என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்துவைப்பது. வீடு முழுக்கத் தேடிப் போகாமல், கதவை அடைத்து, அவசர எண் 911-ஐ அழைத்து, அந்த மூலையிலேயே காத்திருக்கச் சொல்வதுதான் பயிற்சியின் பெரும்பகுதி.

துப்பாக்கியில் ஒன்றே ஒன்று கூடுதலாகப் பொருத்த முடியும் என்றால் அது விளக்காக இருக்கட்டும். இருட்டில் நிற்பது திருடனா, தாமதமாக வீடு திரும்பிய மகனா என்று தெரியாமல் சுட்டுவிட்டுக் கதறிய பெற்றோர்களின் செய்தி அந்நாட்டில் புதிதல்ல. ரெட் டாட் வைத்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும். அது குழலுக்கு இரண்டரை அங்குலத்துக்கும் மேலே இருக்கிறது. ஐந்து மீட்டர் தூரத்தில் சிவப்புப் புள்ளி நிற்கும் இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழேதான் தோட்டா படும். காகிதத்தில் ஐந்து முறை சுட்டுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். அறைக்குள் ரைஃபிள் எழுப்பும் சத்தம் செவியை நிரந்தரமாகக் கெடுக்கும்; 140 டெசிபலுக்கு மேல் ஒரே வெடி போதும், ரைஃபிள் 160-ஐத் தொடும். மெல்லிய ஒலியைப் பெருக்கி, வெடியொலியை மட்டும் அடைக்கும் மின்னணுக் காதுறையைப் பெட்டகத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

சட்டமும் தேர்வைக் குறுக்கும். 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிள் 1934-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யவேண்டியது. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் வழக்கமான வடிவ ஏஆர்-15 விற்கவே முடியாது, அங்கே .357 சுடும் லீவர் ரைஃபிள் நல்ல மாற்று. மனைவிக்கு உண்மையான பரிசாக வாங்கிக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருப்பதை 1996 முதல் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. வன்முறைத் தடை ஆணைக்கு உள்ளானவர் மீதான தடையை 2024-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஆபத்து வெளியிலிருந்துதான் வரும் என்று எண்ணி வாங்கப்படும் பொருளுக்கு இந்தச் சட்டங்கள் ஏன் தேவைப்பட்டன என்பதைக் கடைக்காரர்கள் மறக்கக்கூடாது.

அதனால்தான், நல்ல பயிற்றுநர் மனைவியிடம் தனியாகவும் பேசுவார். உங்களுக்கு இது வேண்டுமா? வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லையா? அமெரிக்காவில் 2022-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கும் மேல். அதில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள். நியூ ஹாம்ப்ஷயரில் 2009-இல் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூவர், ஒரு வாரத்துக்குள், வாங்கிய சில மணி நேரத்திலேயே உயிரை மாய்த்துக்கொண்டனர். அதிலிருந்து அந்த மாநிலத்தின் கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத்துறையினரும் சேர்ந்து, வாங்க வருபவரின் துயரத்தைக் கண்டுகொள்வது எப்படி என்று விற்பனையாளர்களுக்குச் சொல்லித்தரும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். கொலராடோவில் 2019 முதல், நெருக்கடிக் காலத்தில் துப்பாக்கியை வெளியே ஒப்படைத்து வைக்க எந்தெந்த இடங்கள் உதவும் என்று காட்டும் வரைபடமே இருக்கிறது.

விலைச்சீட்டு போடும்போது பெட்டகமும் அதில் இருக்கவேண்டும்: விரலால் குறியீடு அழுத்தினால் திறப்பது, பிள்ளைகளுக்கு எட்டாதது, சுவரோடு முடுக்கியது. ஏஆர்-15-இன் சுடுமுள் கட்டில்லாமல் அசைவது; தோட்டாவைக் குழலறைக்குள் ஏற்றும்போதெல்லாம் அதன் பின்புறத்தில் சிறு தழும்பு விழும். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கக்கூடாது என்பதும், குழலறையைக் காலியாக விட்டு மேகசினை மட்டும் பொருத்திப் பெட்டகத்தில் வைக்கலாம் என்பதும் அதனால்தான். பின்பிடியை இழுத்து முதல் தோட்டாவை ஏற்றும் அந்த அசைவை மனைவி தன் கைகளாலேயே, யார் உதவியும் இல்லாமல், விளக்கணைத்த அறையில் போலித் தோட்டாக்களை வைத்துப் பழகவேண்டும். கணவர் அப்போது பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டிருந்தால் அவரை வெளியே அனுப்பிவிட்டுப் பாடத்தைத் தொடரும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள்.