'ஒண்ணுமில்லாத காட்டுல என்ன கண்ணு பாக்கறீங்க?'

நாமக்கல் பக்கம் போய் 'பறவை பார்க்க வந்திருக்கோம்' என்று சொல்லிப் பாருங்கள். 'எந்தப் பண்ணைக்கு?' என்று கேட்பார்கள். டீக்கடையில் எங்களிடமும் அதைத்தான் கேட்டார்கள். முட்டைக்குப் பேர்போன ஊர், வேறெப்படிக் கேட்பார்கள்?

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் தினம். அதைச் சாக்காக வைத்துக் கிளம்பினோம். நான்கு பேர், இரண்டு ஸ்கூட்டர், ஒரே ஒரு பைனாகுலர்.

விடியலில் சேலம் மூக்கனேரி. 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரி, எடுத்த மண்ணையே ஏரிக்குள் திட்டுத்திட்டாகக் குவித்து மரம் நட்ட ஏரி. இன்று அந்தத் திட்டுகளில் நீர்க்காகங்கள் சிறகு உலர்த்துகின்றன. அழகுதான். ஆனால், ஏரியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு பார்த்த பொட்டலைப் பற்றி.

மல்லூர், ஆண்டகளூர் கேட் தாண்டி, புதுச்சத்திரம் பக்கம் நான்குவழிச் சாலையை விட்டு இறங்கினோம். மானாவாரிச் சோளம், அங்கங்கே வேலமரம், ஆடு மேயும் தரிசு, காற்றில் கோழிப்பண்ணை வாடை. மின்கம்பியில் வடக்கிலிருந்து வந்த தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சோளக்காட்டில் சூறைக்குருவிக் கூட்டம் இறங்க, ஓர் அக்கா தகர டின்னைத் தட்டி விரட்டிக்கொண்டிருந்தார். அவர் கோபம் நியாயமானது. சீனாவின் சின்ஜியாங்கில் வெட்டுக்கிளிகளை ஒழிக்க இதே குருவிக்குச் செயற்கைக் கூடு கட்டிக்கொடுக்கிறார்கள் என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஒண்ணுமில்லாத காட்டுல என்ன கண்ணு பாக்கறீங்க?" என்றார் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர். இந்தப் பக்கம் காடு என்றால் புன்செய் நிலம். நாங்கள் பதில் சொல்வதற்குள் தரையை ஒட்டி ஒரு பறவை மிதந்து வந்தது. சிறகை லேசாக மேல்நோக்கிப் பிடித்து, புல்லை முகர்வதுபோல் தலை குனிந்து... பூனைப்பருந்து! பைனாகுலருக்கு நான்கு கைகள் நீண்டன.

"அதுங்களா? வருசா வருசம் மழைக்கு வந்துருமுங்க" என்றார் அவர், சொந்தக்காரர் வருகையைச் சொல்வதுபோல.

மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே குளிர்காலம் கழிக்க வருகிற விருந்தாளி அது. வெட்டுக்கிளியும் எலியும் சாப்பாடு. ராத்திரி தூங்குவது மரத்தில் அல்ல, புல் நடுவே தரையில். நாம் நல்லெண்ணத்தோடு அந்தப் பொட்டலில் மரம் நட்டு நிரப்பினாலும் அதற்கு வீடு போய்விடும். மூக்கனேரிக்கு நல்லது செய்த அதே கன்று, இங்கே கெடுதல் செய்யும். மேய்ச்சல் நிலத்தையும் புதர்க்காட்டையும் அரசாங்க வரைபடமே 'பயனற்ற நிலம்' என்ற தலைப்பில்தான் சேர்க்கிறது. பிறகு மனை போடுகிறவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

பெரியவரின் ஆடுகள் மேய்ந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக்கற்கள் வரிசையாக நின்றன. பருந்து அவற்றின் மேலாகப் பறந்து திரும்பி வந்தது.

பார்த்த பறவைகளைச் செயலியில் பதிவு செய்யும்போது இடத்தின் பெயர் கேட்டது. மேப்பில் காட்டியது ஏதோ ஒரு 'நகர், ஃபேஸ் 2'. ஒரு வீடுகூட இல்லை.

"இந்த எடத்துக்கு என்னங்கய்யா பேரு?"

"பேரென்ன பேரு... மேட்டாங்காடுதான்."

அதையே போட்டோம்.