இரவு எட்டு மணி மாத்திரை



உடலுறுப்புத் தானம் என்றதும் கொடுப்பவரின் பெருந்தன்மையையே பேசுகிறோம். பெற்றுக்கொண்ட உடல் அவ்வுறுப்பை எவ்வாறு நடத்துகிறது என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அறுவை மருத்துவம் நல்லபடி முடிந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர்.

1954ஆம் ஆண்டு திசம்பர் 23ஆம் நாள், பாஸ்டன் நகரில் மருத்துவர் ஜோசப் முர்ரேயின் குழுவினர் ஒருவரின் சிறுநீரகத்தை அவருடைய உடன்பிறந்தவருக்குப் பொருத்தி வெற்றி கண்டனர். அவ்விருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். ஆதலால் உடல் அதனை வேற்றுப் பொருளாகக் கருதவில்லை. நம் நாட்டில் 1975ஆம் ஆண்டு கோலாலம்பூர் மருத்துவமனையில் முதல் சிறுநீரக மாற்று நடைபெற்றது. அத்தகைய இரட்டையராக இல்லாத மற்றவர்களுக்கு, பெற்ற தாயே கொடுத்தாலும், உடலின் எதிர்ப்பை மருந்தால் அடக்க வேண்டியிருக்கிறது.

என் அண்ணனுக்கு அண்ணி தம் சிறுநீரகத்தைக் கொடுத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் அண்ணன் மாத்திரை உட்கொள்ள வேண்டும். மருந்தினால் அவருக்குக் கை நடுக்கம் உண்டு. தீபாவளிக்கு முந்திய வாரம், “தங்கச்சி, நீ ஆசிரியையாச்சே, சொல். மூன்று வருடமாகியும் இது இன்னும் என்னுடையதாகவில்லையா? மாத்திரையைக் கொஞ்சம் குறைத்தால்தான் என்ன?” என்று கேட்டார். அருகில் இருந்த அண்ணி ஒன்றும் பேசவில்லை. அன்று அண்ணனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் குருதியில் வெள்ளையணுக்கள் காவலர்களாகச் சுற்றி வருகின்றன. எங்கே செல்ல வேண்டும் என்பதை அவற்றுக்கு அறிவிப்பவை கெமோக்கைன் எனப்படும் சிறு புரதங்கள். வெல்லத்தின் மணத்தைப் பிடித்து எறும்புகள் வரிசை கட்டி வருவதைப் போல, இப்புரதங்கள் மிகுந்திருக்கும் திசையை நோக்கி வெள்ளையணுக்கள் நகர்கின்றன. அந்த மணத்தை உணரும் மூக்குகளே அணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள். மனித உடலில் ஏறக்குறைய ஐம்பது கெமோக்கைன்களும் இருபது ஏற்பிகளும் உள்ளன.

வியப்பு என்னவென்றால், முதல் அழைப்பை விடுப்பது புதிய உறுப்பேதான். ஓர் உடலிலிருந்து எடுத்து மற்றோர் உடலில் பொருத்தும் வரையில் அதற்குக் குருதியோட்டம் இல்லை. அதனால் நேரும் காயமே கெமோக்கைன்களைச் சுரக்கச் செய்கிறது. வந்து சேரும் டி அணுக்கள் அவ்வுறுப்பு அயலானது என்று கண்டு இன்டர்ஃபெரான் என்னும் பொருளை வெளியிடுகின்றன. அது மேலும் சில கெமோக்கைன்களைத் தூண்டுகிறது. அவற்றை உணரும் சி.எக்ஸ்.சி.ஆர்.3 என்னும் ஏற்பியை உடைய டி அணுக்கள் இன்னும் கூட்டமாக வந்து சேர்கின்றன. உறுப்பு நிராகரிப்பு இவ்வாறே வளர்கிறது. இக்கெமோக்கைன்கள் சிறுநீரில் மிகுவதைக் கொண்டு நிராகரிப்பை முன்கூட்டியே அறியும் வழியையும் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

அப்படியானால் மூக்கை அடைத்துவிட்டால் போதாதா? 2001ஆம் ஆண்டு ஜெர்மானிய ஆய்வாளர்கள், சிறுநீரக மாற்றுப் பெற்ற 1227 பேரைச் சோதித்த முடிவை வெளியிட்டனர். அவர்களுள் 21 பேருக்குச் சி.சி.ஆர்.5 என்னும் ஏற்பி பிறவியிலேயே இல்லை. கண்காணித்த காலத்தில் அந்த 21 பேரில் ஒருவர் மட்டுமே மாற்றுச் சிறுநீரகத்தை இழந்தார். இம்மரபு மாற்றம் ஐரோப்பிய மரபினரிடையே காணப்படுவது; நம்மவரிடையே மிக அரிது.

ஆயினும் ஒரு வழியை அடைத்தால் அணுக்கள் வேறு வழியில் வந்துவிடுகின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு. தாக்குதலை அடக்கி அமைதி காக்கும் ஒழுங்குபடுத்தும் டி அணுக்களும் இத்தகைய ஏற்பிகளைக் கொண்டே உறுப்பை அடைகின்றன. 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், சி.சி.ஆர்.4 இல்லாத எலிகள் மாற்று இதயத்தைச் சகித்துக்கொள்ளக் கற்கவில்லை. அமைதி காப்போர் வந்து சேரவில்லை என்பதே காரணம். இவ்வகை அணுக்களைக் குறித்த கண்டுபிடிப்புகளுக்காகவே மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல், சிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆகவே, எதிர்ப்பைத் துரத்துவது மட்டும் சகிப்பாகாது. அமைதி காப்போர் அங்கு வந்து தங்கவும் வேண்டும். மருந்தில்லாமலே அந்நிலையை எல்லா நோயாளிகளுக்கும் உண்டாக்கும் வழி இன்னும் கைகூடவில்லை. அதுவரையில் டி அணுக்களை விழித்தெழாமல் வைத்திருப்பது மாத்திரைதான். “அண்ணி கொடுத்தது ஒரு முறை. நீங்கள் அதை நாள்தோறும் இருமுறை ஏற்றுக்கொள்கிறீர்கள். நடுக்கத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவை அவர் பார்த்துக்கொள்வார்” என்றேன். அண்ணன் மறுமொழி கூறாமல் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் மாற்றுறுப்புப் பெற்ற மாணவரோ, அத்தகைய பெற்றோரைக் கொண்ட மாணவரோ இருக்கலாம். அம்மருந்துகள் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலையும் குறைப்பவை. எனவே காய்ச்சலும் இருமலும் உள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதிருக்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். நலமாக இருக்கிறாரே, இன்னும் எதற்கு மருந்து என்று அவர்களிடம் எவரும் கேட்க வேண்டா. அந்த மருந்தினால்தான் அவர்கள் நலமாக இருக்கிறார்கள்.