அப்டேட்டை நிறுத்தணும் தம்பி

திருவையாற்றிலிருந்து ஒரத்தநாடு வரை வீடு வீடாகப் போய்க் கணினி பழுது பார்க்கிறவன் நான். வைரஸ், பிரிண்டர் இரண்டுக்கும் அடுத்தபடியாக அதிகம் கேட்பது இதுதான்: "இந்த குரோம் தானா அப்டேட் ஆகுது தம்பி, ஒரேயடியா நிறுத்தி விட்டுடு." பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும்போதும், நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஆன்லைனில் பதிவு செய்யும்போதும் இந்தக் குரல் உரக்கக் கேட்கும். நான் உடனே கை வைப்பதில்லை. எதற்காக என்று கேட்டால், கோளாறு பாதி நேரம் வேறு எங்கோ இருக்கும்.

பெரியவர்களுக்கு நெட் தீர்ந்துவிடும் என்ற பயம். மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று அளந்து கொடுத்து, சில திட்டங்களில் இரவு 2 முதல் காலை 8 மணி வரை இலவசம் என்று வைத்திருந்த பழைய பிஎஸ்என்எல் காலத்துப் பயம் அது. அந்தக் காலத்திலேயே பிரவுசர்கள் சிக்கனமாகத்தான் இருந்தன. 2009இல் கூகுள், மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் முறை ஒன்றைக் கொண்டுவந்து, 10 எம்பி வரக்கூடிய ஒரு அப்டேட்டை 80 கேபிக்குள் சுருக்கிக் காட்டியது. இன்றைய அப்டேட்கள் அதைவிடப் பெரியவைதான். ஆனாலும் டேட்டாவை விழுங்குவது பெரும்பாலும் விண்டோஸும் யூடியூபும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்களுக்கு விண்டோஸில் அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்துவிட்டாலே பெரும்பகுதி அடங்கும்.

சிஸ்டம் ஸ்லோ என்பது இன்னொரு புகார். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டால் போகிற நோய் அது. அப்டேட் மேல் பழி போடுவது பாவம்.

உண்மையிலேயே நிறுத்த வேண்டிய நேரமும் உண்டு. 2015 செப்டம்பரில் வந்த குரோம் 45 பழைய வகை பிளக்கின்களை முற்றாகக் கைவிட்டது. ஜாவாவை நம்பி டிஜிட்டல் கையெழுத்து போட்டுக்கொண்டிருந்த ஆடிட்டர்களும் டெண்டர் எடுக்கும் ஒப்பந்ததாரர்களும் ஒரே இரவில் திண்டாடினார்கள். எல்லாரும் பயர்பாக்ஸுக்கு ஓடினார்கள். 2017 மார்ச்சில் 52ஆம் பதிப்போடு அந்தக் கதவும் சாத்தப்பட்டது. அதே 52இன் நீண்டகாலப் பதிப்பில் மட்டும் 2018 வரை ஜாவா ஓடியது. அப்போது நான் செய்துகொடுத்தது இதுதான்: அந்தப் பயர்பாக்ஸைத் தனியாக நிறுவி, ஐகானுக்குக் 'கையெழுத்துக்கு மட்டும்' என்று பெயர் வைத்து, மற்ற எல்லாவற்றுக்கும் புதிய பிரவுசர். இன்றைக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நிறுத்துகிற விதத்தில் பயர்பாக்ஸ் நேர்மையானது. செட்டிங்ஸில் 'கேட்டுவிட்டு நிறுவு' என்ற தேர்வு கண்ணெதிரே இருக்கிறது. குரோமில் அப்படி ஒரு பொத்தானே கிடையாது. சர்வீஸ் பட்டியலில் போய் கூகுள் அப்டேட்டை முடக்க வேண்டும், டாஸ்க் ஷெட்யூலரில் இருப்பதையும் முடக்க வேண்டும். குரோமை மறுபடி நிறுவினால் எல்லாம் திரும்ப முளைக்கும். சிலர் யூடியூபில் பார்த்து, அப்டேட்டை நிறுத்தும் பாலிசிகளை ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைக்கிறார்கள். அந்த பாலிசிகள் அலுவலக டொமைனில் சேர்ந்த கணினிகளுக்கென வைத்தவை, வீட்டுக் கணினியில் பெரும்பாலும் எடுபடாது. இன்னொரு வேடிக்கை: அப்டேட் நின்றுவிட்டதா என்று பார்க்க 'அபௌட்' பக்கத்தைத் திறப்பார்கள். அந்தப் பக்கம் திறந்தாலே குரோம் புதிய பதிப்பைத் தேடத் தொடங்கிவிடும்!

மடையை அடைக்கிற விவசாயிக்கு எப்போது திறப்பது என்பதும் தெரியும். கணினியில் அடைத்தவர்கள் அதோடு மறந்துவிடுகிறார்கள். 2023 செப்டம்பரில் வெப்-பி என்ற பட வகையைத் திறக்கும் நிரலில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். தந்திரமாகச் செய்த ஒரு படம் திரையில் தோன்றினாலே போதும், கணினிக்குள் நுழைய வழி கிடைக்கும். கண்டுபிடிக்கும் முன்பே அதை யாரோ பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். குரோமும் பயர்பாக்ஸும் சில நாட்களில் அடைத்துவிட்டன. அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தவர்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவில்லை. அதனால் நான் நிறுத்திக் கொடுத்தால், எந்தத் தேதியில் திரும்பப் போட வேண்டும் என்று மானிட்டரில் சீட்டு ஒட்டிவிட்டுத்தான் வருவேன். பயிர்க் காப்பீட்டு வேலைக்கு ஒரு வாரம் தாராளம்.

2011இலிருந்து அரசு கொடுத்த இலவச லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அந்த நாளில் வந்தவற்றில் இருப்பது விண்டோஸ் 7. அதற்கு குரோம் 109தான் கடைசி. 2023 பிப்ரவரிக்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை. பயர்பாக்ஸ் மட்டும் 115ஆம் நீண்டகாலப் பதிப்பில் அதன் பிறகும் சில காலம் திருத்தங்களை நீட்டித்துத் தந்தது. இவற்றில் நிறுத்துவதற்கு ஒன்றுமில்லை, ஏற்கெனவே நின்றுவிட்டது. அந்த லேப்டாப்பிலேயே பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள், தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு. கனமில்லாத புதிய லினக்ஸ் ஒன்றைப் போட்டால் இன்னும் சில வருடம் ஓட்டலாம். முடியாதென்றால் பிள்ளைகள் படம் பார்க்கட்டும், பாட்டு கேட்கட்டும். நெட் பேங்கிங் மட்டும் அதில் செய்யாதீர்கள்.