சித்திரையிலும் வற்றாத பாபநாசத் தீர்த்தம்

சித்திரை விஷு நாளில், பொழுது புலரும் முன்பே பாபநாசத்துப் படித்துறையில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கயிலையில் அம்மையப்பரின் திருமணத்தைக் காண யாவரும் திரண்டபோது வடபுலம் தாழ்ந்தது; உலகைச் சமன்செய்ய அகத்திய முனிவரை இறைவன் தென்திசைக்கு அனுப்பினார் என்பது புராணம். அந்தத் திருமணக் கோலத்தை முனிவர் கண்டு வணங்கிய தலம் இது. நவகயிலாயங்களுள் முதலாவதான இங்கே பாபநாசநாதரும் உலகம்மையும் அருள்பாலிக்கின்றனர். அம்மன் சந்நிதி முன்புள்ள உரலில் விரலி மஞ்சளை இடித்து, அபிஷேகத்துக்கு அளிப்பது பெண்களின் நெடுநாள் வழக்கம்.

நீராட இறங்குவோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. தை முதல் பங்குனி வரை சமவெளியில் மழை மிக அரிது. குளங்கள் வற்றத் தொடங்கிவிடும். ஆயினும் படித்துறையில் தாமிரபரணி சில்லென்று ஓடிக்கொண்டிருக்கிறது. மழையில்லா நாளில் இந்நீர் எங்கிருந்து வருகிறது? விடை மேற்கே, மேகம் மூடிய பொதிகை மலையில் உள்ளது.

பொதிகையின் உயர்சரிவுகளைப் போர்த்தியிருப்பது மழைக்காடு. உலகில் மழைக்காடுகள் பெரும்பாலும் நிலநடுக்கோட்டின் இருபுறமும் அமைந்துள்ளன. அமேசான், காங்கோ, சுமத்ரா, போர்னியோ ஆகியவை அவற்றுள் பெரியவை. ஆண்டு முழுவதும் வெப்பம், சுமார் 2,000 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை, நீண்ட வறட்சி இல்லாமை ஆகிய மூன்றும் கூடினால்தான் இத்தகைய காடு வளரும்.

பொதிகைக்கு இம்மூன்றும் வாய்த்திருக்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதுகிறது. மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகிறது. அதன் பெரும்பகுதி மேற்குச் சரிவிலேயே பெய்துவிடுவதால், திருநெல்வேலிச் சமவெளி மழைமறைவு நிலமாக நிற்கிறது. எனினும் உயர்ந்த முகடுகளைத் தாண்டிக் கிழக்குச் சரிவின் மேற்பகுதியிலும் மழை விழுகிறது. பின்னர் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலிலிருந்து வந்து அதே சரிவை மீண்டும் நனைக்கிறது. இருமுறை மழை பெறுவதால் அங்கே வறண்ட மாதங்கள் குறைவு. மாஞ்சோலைக்கு மேலுள்ள நாலுமுக்கு, ஊத்து ஆகியவை தமிழகத்தில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் அடங்கும்.

அம்மழையைக் காடு உடனே ஓடவிடுவதில்லை. இலைக்கூரை தாரையின் வேகத்தைத் தடுக்கிறது. உதிர்ந்த சருகும் வேர்ப்பின்னலும் நீரை மண்ணுக்குள் இறக்குகின்றன. மாதக்கணக்கில் கசிந்து, ஓடைகளாய்த் திரண்டு, அந்நீர் கோடையிலும் ஆற்றைச் சேர்கிறது. இலைகள் வெளிவிடும் ஈரமோ மீண்டும் மேகத்துக்கு உணவாகிறது. கோயில்களில் தீபாராதனைக்குப் பின் ஓதப்படும் மந்திரபுஷ்பம் நீருக்கு மேகமும், மேகத்துக்கு நீரும் இருப்பிடம் என்று உணர்த்துவதை அன்பர்கள் அறிவார்கள். அவ்வேதப் பொருளைப் பொதிகையில் கண்ணாரக் காணலாம்.

வெடிப்பலா மரங்களும், அவற்றை நாடி வாழும் சிங்கவால் குரங்குகளும், இருவாச்சிப் பறவைகளும் இக்காட்டின் செல்வங்கள். 1988 ஆம் ஆண்டு களக்காடு முண்டந்துறை தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமானது. மழைக்காட்டை ஒருமுறை அழித்தால் மேல்மண் மழையில் கரைந்துபோகும். பழைய காடு எளிதில் மீளாது. கார், பிசானம் என்று இரு போகம் விளையும் வயல்களும், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் குடிநீரும் இக்காட்டை நம்பியே இருக்கின்றன.

இத்தகைய தீர்த்தத்தில் வருந்தத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. உடுத்திய ஆடையை ஆற்றிலேயே விட்டால் பாவம் தீரும் என்று எண்ணிப் பலர் துணிகளை நீரில் விடுகின்றனர். அவை பாறையிலும் படியிலும் சிக்கி நாறுகின்றன. நீராட வருவோரின் காலைச் சுற்றுகின்றன. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் செல்வோர் விட்டுவரும் நெகிழிப் பைகளோ காட்டு விலங்குகளின் வயிற்றைச் சேர்கின்றன. நீரில் உமிழ்வதையும் கழிவு சேர்ப்பதையும் தைத்திரீய ஆரண்யகம் விலக்கியிருக்கிறது. பாவம் போக்கும் தாயின் மடியில் அழுக்கைச் சேர்ப்பது பரிகாரம் ஆகாது. பழைய ஆடையைத் துவைத்து, அணிய இயலாதவருக்கு வழங்கினால் அதுவே தானமாகும். இதைப் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கத் தக்கவர் வீட்டுப் பெரியவர்களே.

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசத்தை அடையலாம். கோயில் மலையடிவாரத்திலேயே இருப்பதால் முதியோரும் வருந்தாமல் தரிசிக்கலாம். நீராடி எழும்போது, மேற்கு நோக்கி ஒருமுறை கைகூப்புங்கள். பாபநாசநாதரின் தீர்த்தத்தைக் கோடையிலும் காத்துத் தரும் காட்டுக்கும் அந்த வணக்கம் உரியது.