சுரங்கம் வந்தால் எத்தனை பேர் வருவார்கள்?

மலையில் தாது இருக்கிறதாம், தோண்டப் போகிறார்களாம் என்று ஒரு ஊரில் பேச்சு கிளம்பினால் டீக்கடையில் மூன்று கேள்விகள் வரும். ஏக்கருக்கு என்ன விலை தருவார்கள்? நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்? மலை என்ன ஆகும்? மூன்றுமே நியாயமான கேள்விகள். ஆனால் நான்காவதாக ஒன்று உண்டு. வெளியிலிருந்து எத்தனை பேர் வந்து குடியேறுவார்கள், அவர்களுக்கு வீடு எங்கே, தண்ணீர் எங்கிருந்து? இதைக் கூட்டம் போட்டுக் கேட்ட ஊரை நான் பார்த்ததில்லை.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. எங்கள் கொல்லையில் நின்று பார்த்தால் கவுத்தி மலை தெரியும். அதையடுத்து வேடியப்பன் மலை. இரண்டிலும் இரும்புத் தாது உண்டு. அதை வெட்டி எடுக்க, தமிழக அரசின் டிட்கோவும் ஜிண்டால் குழுமமும் சேர்ந்த டிம்கோ என்ற நிறுவனம் திட்டம் போட்டது. கேட்ட காட்டு நிலம் 325 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 800 ஏக்கர். 2008 டிசம்பரில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. எதிர்ப்பு பலமாக இருந்தது. மரம் போய்விடும், மழைத்தண்ணீர் ஏரிக்கு வராது, வேடியப்பன் கோயில் என்ன ஆவது என்றெல்லாம் பேசினோம். திட்டம் நடக்கவில்லை, மலை நிற்கிறது. வந்திருந்தால் எங்கள் ஊரின் நத்தமும் கழனியும் குடிநீரும் எப்படி மாறியிருக்கும் என்ற கேள்வி மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. அதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டாம். நம் ஆட்கள் வேலைக்குப் போன சுரங்க ஊர் ஒன்று, நம் பக்கத்து மாவட்டத்துச் சுரங்க ஊர் ஒன்று, இரண்டும் கண்முன்னே இருக்கின்றன.

கோலாருக்குப் போன நம்மவர்கள்

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில், 'தாத்தா கோலாருக்குப் போனவர்' என்று சொல்லும் குடும்பங்கள் நிறைய. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தங்கச் சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது, அந்த இடத்தில் பெரிய ஊர் கிடையாது, கல்லும் முள்ளும்தான். மழை பொய்த்த நம் மானாவாரிக் கிராமங்களிலிருந்து நிலமில்லாத குடும்பங்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், கூட்டம் கூட்டமாகப் போய்ச் சேர்ந்தன. ஜோலார்பேட்டை தாண்டி பங்காருப்பேட்டையில் இறங்கி, கிளை ரயில் பிடித்து மாரிக்குப்பம் போக வேண்டும். அந்தத் தடத்தில் இன்றும் தமிழ் கேட்கும்.

சுரங்கத்துக்கு வேண்டிய வசதி எல்லாம் வேகமாக வந்தது. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். இந்தியாவின் பெரிய நகரங்கள் பலவற்றுக்கு முன்பே அங்கே கரண்ட் வந்துவிட்டது. பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. அதிகாரிகளுக்குத் தோட்டம் வைத்த பங்களா, கிளப், ஆஸ்பத்திரி. சுரங்கத்துக்குள் இறங்கியவனுக்கு வரிசை வீடு. மூங்கில் தட்டியில் கட்டிய ஒற்றை அறை, பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம். கம்பெனிக் கணக்கில் முதலில் யந்திரம், பிறகு அதிகாரி, கடைசியில் தொழிலாளி. பணம் எந்த வரிசையில் போனதோ அந்த வரிசையில்தான் வீடும் தண்ணீரும் போயின.

2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கத்தை மூடினார்கள். 120 வருடத்தில் ஒரு நகரமே வளர்ந்திருந்தது. தங்கம் நின்றாலும் ஜனம் அங்கேதான் இருந்தது. இன்றைக்கும் விடியற்காலை ரயிலில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண், சயனைடு மேடு என்ற பெயரில் குன்று குன்றாகக் கிடக்கிறது. காற்றடித்தால் தூசு வீடுகள் மேல் விழுகிறது. கொல்லையை விற்றுவிட்டுப் போனவர்களுக்குத் திரும்பிவர ஊரில் இடம் இல்லை. இருந்த வீடும் கம்பெனி வீடு.

நெய்வேலி: வேலிக்கு உள்ளே, வேலிக்கு வெளியே

நெய்வேலிக் கதை கொஞ்சம் வேறு மாதிரி. 1934-ல் ஜம்புலிங்க முதலியார் என்ற பெரிய நிலக்காரரின் பூமியில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. காமராஜர் முதல்வராக இருந்தபோது முயற்சி எடுத்து, 1956-ல் நிறுவனம் தொடங்கி, 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் கரி கண்ணில் பட்டது. அடுத்த வருடம் மின்சாரம் வந்தது. தமிழ்நாட்டுக் கிணறுகளில் மின் மோட்டார் ஓடியதில் அந்தக் கரிக்கும் பங்கு உண்டு. அதை மறந்து பேசக்கூடாது.

கோலாரைப் போல அல்லாமல் இங்கே நகரத்தைத் திட்டம் போட்டுக் கட்டினார்கள். வட்டம் வட்டமாகப் பிரித்த தெருக்கள், இரண்டு பக்கமும் மரம், பள்ளிக்கூடம், பெரிய ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம். தெருவில் குப்பை அள்ளுவதிலிருந்து தண்ணீர் விடுவது வரை நிறுவனமே பார்க்கிறது. முதல் முறை போகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

ஆனால் அந்த நகரம் ஊழியர்களுக்கான நகரம். நிலம் கொடுத்த கிராமத்துக்காரர்களும், ஒப்பந்தத் தொழிலாளிகளும், கடை வைக்க வந்தவர்களும், லாரி ஓட்ட வந்தவர்களும் பெரும்பாலும் அதற்கு வெளியேதான் குடியேறினார்கள். மந்தாரக்குப்பம் போன்ற ஊர்கள் அப்படி வளர்ந்தவை. அங்கே திட்டமும் கிடையாது, அகலத் தெருவும் கிடையாது. ஊராட்சியும் பேரூராட்சியும் தங்களுக்கு வரும் வரியை வைத்து எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான். ஒரு வேலை உண்டானால் அதைச் சுற்றி டீக்கடை, மெக்கானிக், தையல், வாடகை வீடு என்று இன்னும் பல பேர் வருவார்கள். நிறுவனத்தின் கணக்கில் முதல் ஆள் மட்டும் இருப்பார். மற்றவர்கள் நம் ஊராட்சிக் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள்.

தண்ணீரைப் பாருங்கள். நெய்வேலியில் கரிக்குக் கீழே அழுத்தத்தோடு ஊற்றுத் தண்ணீர் நிற்கிறது. அதை இறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளம் பொங்கிவிடும். அதனால் ராத்திரி பகலாகப் பம்பு ஓடுகிறது. ஒரு காலத்தில் குழாய் இறக்கினால் தானாகப் பொங்கி வழிந்த ஊர்களில் இன்று ஆழத்தில் மோட்டார் இறக்க வேண்டியிருக்கிறது. இறைத்த தண்ணீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்குப் போய்க் கீழேயுள்ள வயல்களுக்குப் பாய்கிறது. ஆக, மேட்டில் இருப்பவருக்கு நஷ்டம், பள்ளத்தில் இருப்பவருக்கு ஓரளவு லாபம். இரண்டு பேரும் ஒரே தாலுகாவில் இருந்தாலும் ஒரே குரலில் பேச முடியாமல் போவது இப்படித்தான்.

அடுத்தது நிலம். 2023 ஜூலை 26-ல் வளையமாதேவியில் பரவனாற்றை மாற்றுப் பாதையில் திருப்பும் கால்வாய்க்காக, நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரத்தை இறக்கினார்கள். அது பல வருடங்களுக்கு முன்பே கையகப்படுத்திய நிலம் என்றது நிறுவனம். உழுதவர்கள் நேற்றுவரை உழுதுகொண்டிருந்தார்கள். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். காகிதத்தில் கைமாறிய நிலம், கையைவிட்டுப் போக 10 வருடம்கூட ஆகலாம். அந்த இடைவெளியில் போட்ட பயிருக்கும் வெட்டிய கிணற்றுக்கும் என்ன என்று கையெழுத்துப் போடும்போதே எழுதி வாங்க வேண்டும்.

இன்னொன்று. நெய்வேலி நகரியத்தின் ஜனத்தொகை 2001-ல் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். 2011-ல் 1,05,731. சுரங்கம் பெரிதாகிக்கொண்டே போனாலும் நகரியத்து ஜனம் குறைந்திருக்கிறது. பெரிய இயந்திரம் வந்தால் ஆள் தேவை குறையும். 'வேலை, வேலை' என்று நம்பி நிலத்தைக் கொடுக்கிறவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுரங்கம் இல்லாமலே பெருகும் ஊர்

எங்கள் திருவண்ணாமலையில் சுரங்கம் வரவில்லை. ஜனம் வந்துவிட்டது. 2011 கணக்கில் நகரத்தில் 1 லட்சத்து 45 ஆயிரம் பேர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர். நான்கு பக்கச் சாலைகளிலும் மல்லாட்டை போட்ட கொல்லைகள் மனைப்பிரிவாகிவிட்டன. 2024-ல் சுற்றியிருந்த ஊராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். நிலம் விலை ஏறும் என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்று கவலைப்பட்டவர்களும் உண்டு. ஊராட்சி போனால் கிராம சபையும் போய்விடும் என்பதை அதிகம் பேர் யோசிக்கவில்லை.

இடம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? மலை அடிவாரத்துக்குத்தான். 2024 டிசம்பர் 1-ந் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். நகரத்தில் மனை வாங்க முடியாதவர்களுக்கு மிஞ்சிய இடம் அது. வேலையையோ கோயிலையோ நம்பி ஜனம் வரும் ஊரில், அவர்களுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்காவிட்டால், ஏரிக்கரையிலும் ஓடையிலும் மலைச்சரிவிலும்தான் வீடு முளைக்கும்.

கல் குவாரிக்கும் இதே கணக்குதான்

சுரங்கம் என்றால் நெய்வேலி மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. நம் மாவட்டத்தில் ஜல்லிக் குவாரியும் கிரானைட் குவாரியும் இருக்கின்றன. எங்கள் பக்கத்து ஊரில் ஒரு கிரஷர் ஓடுகிறது. வடமாநிலத்துப் பிள்ளைகள் தகரக் கொட்டகையில் தங்கி வேலை செய்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் தாத்தாக்கள் கோலாருக்குப் போனது போலத்தான் இவர்களும் வந்திருக்கிறார்கள். ஆனால் கணக்குப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது அரசின் குடிநீர்க் கணக்கு. 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒருமுறை நிரம்பினால் 545 பேருக்குச் சரி. புதிதாக 100 பேர் வந்தால் தினம் 5,500 லிட்டர் கூடுதலாக வேண்டும். தொட்டி அதேதான், போர் அதேதான். கடைசித் தெருவில் குழாய் காற்றுவிடும். அப்புறம் ஊருக்குள் சண்டை வரும். சண்டை, தண்ணீர் பிடிக்கிற இரண்டு ஏழைகளுக்குள்தான் நடக்கும்.

இதற்கு ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2015-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை அமைக்கச் சொன்னார்கள். குத்தகைதாரர் அரசுக்குக் கட்டும் ராயல்டிக்கு மேல் ஒரு பங்கை இதற்குக் கட்ட வேண்டும். அந்தப் பணம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் செலவாக வேண்டும். குடிநீர், சுகாதாரம், கல்வி போன்றவற்றுக்குப் பெரும்பங்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. கலெக்டர் அலுவலகத்தில் கனிமவளத் துறையில் கேட்டால், உங்கள் ஊருக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று தெரியும். சொல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம்.

கேட்க வேண்டியவை

பெரிய சுரங்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 30 நாள் முன்பே பத்திரிகையில் அறிவிப்பு வரும். திட்டத்தின் சுருக்கம் தமிழில் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும். அதை வாங்கிப் படித்துவிட்டுப் போங்கள். உணர்ச்சியாகப் பேசுவது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தக் கேள்விகளையும் எழுத்தில் கொடுங்கள். பேசியது காற்றில் போனாலும் எழுதியது பதிவில் நிற்கும்.

நிரந்தர வேலை எத்தனை, ஒப்பந்த வேலை எத்தனை? எத்தனை குடும்பங்கள் வெளியிலிருந்து வரும்? அவர்களுக்கு வீடு எந்தச் சர்வே எண்ணில்? குடிநீர் எந்த ஏரி, எந்த போரிலிருந்து? லாரி எந்தச் சாலையில் ஓடும், அது பள்ளிக்கூட வாசல் வழியா? நிலம் கொடுத்தவருக்குத் தரும் மனைக்குப் பட்டா யார் பெயரில்? கடைசியாக, தாது தீர்ந்த பிறகு குழியையும் வீடுகளையும் யார் பார்த்துக்கொள்வார்கள்?

வீட்டிலும் செய்ய வேண்டியது உண்டு. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். கிணறு, போர், தென்னை, மா எல்லாம் அடங்கலில் ஏறியிருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் பாருங்கள். அடங்கலில் இல்லாத மரத்துக்கு இழப்பீடு வாங்குவது கஷ்டம். புலப்பட நகலும் வில்லங்கச் சான்றும் ஒரு உறையில் இருக்கட்டும். மனைவி, மகள் பெயரில் பங்கு இருந்தால் அதுவும் காகிதத்தில் இருக்க வேண்டும்.

கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குவாரி இருக்கும் ஊரோ, வரப்போகும் ஊரோ, அடுத்த கூட்டத்தில் 'நம் தொட்டி எத்தனை பேருக்குப் போதும்?' என்பதைத் தீர்மானமாக எழுத வையுங்கள். உங்கள் ஊரில் அப்படி எழுதியிருந்தால், என்ன பதில் வந்தது என்று இந்த இதழுக்கு ஒரு கார்டு போடுங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவும.