நூறிலிருந்து ஏழு

சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மகள் என்னைப் போன மாதம் டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

"ஐயா, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிச்சுக்கிட்டே வாங்க" என்றார் டாக்டர்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். கோப்பெல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஓய்வு பெற்றாலும், மனக்கணக்கு இன்றும் பிரெஞ்சில்தான் ஓடுகிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கு 93 என்றால் 'நாலு இருபது பதிமூன்று'. இருபது இருபதாக எண்ணிய பழங்காலத்தின் மிச்சம் அது. 79 என்றால் 'அறுபது பத்தொன்பது', அதாவது சுவாசாந்த் தீஸ் நெஃப். நடுவிலுள்ள 'தீஸ்' நழுவினால் 69 ஆகிவிடும்.

93, 86 வரை சரியாக வந்தேன். அடுத்து, தமிழில் மாற்றிச் சொல்லும்போது "அறுபத்தொன்பது" என்றேன். டாக்டர் ஏதோ குறித்துக்கொண்டார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறதியா, மொழியா என்ற கேள்விதான்.

காலையில் பேரன் கணக்கு நோட்டுடன் வந்தான். அடிமானம் பாடம். "தாத்தா, 31 பகா எண்தானே? அஞ்சு அடிமானத்தில் 111னு எழுதுறாங்க. 111ஐ மூணு வகுக்குமே?"

புளியங்கொட்டை டப்பாவை எடுத்து 31 கொட்டைகளை எண்ணி வைத்தேன். ஐந்து அடிமானத்தில் இடங்கள் 25, 5, 1. மூன்றிலும் ஒவ்வொன்று: 25+5+1. நாம் பழகிய நூற்றுப்பதினொன்று வேறு; அது 3×37. அதே 31, இரண்டு அடிமானத்தில் 16+8+4+2+1, அதாவது 11111. "இப்போ இதைச் சம வரிசையா அடுக்கு பார்க்கலாம்" என்றேன். இரண்டு, மூன்று, ஐந்து என்று முயன்றான். ஒவ்வொரு முறையும் ஒரு கொட்டையாவது மிஞ்சியது. எப்படி எழுதினாலும் கொட்டை 31தான். பகா எண் பகா எண்தான்.

மூன்றோ அதற்கு மேலோ இலக்கங்களுடன், இரண்டு அடிமானங்களில் ஒன்றுகளாகவே வரும் எண்கள் இதுவரை தெரிந்தவை இரண்டுதான்: 31, 8191. இரண்டாவதும் பகா எண். இரண்டு அடிமானத்தில் அது பதின்மூன்று ஒன்றுகள். 90 அடிமானத்தில் 8100+90+1, மறுபடியும் 111. வேறு எண் கிடையாது என்று பெல்ஜியத்துக்காரர் ரெனே கூர்மாக்டிக் 1917இல் கருதினார். இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசுபவர்கள் 90ஐ 'நாலு இருபது பத்து' என்று சுற்றுவதில்லை. 'நொனாந்த்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அங்கே படித்திருந்தால் 79ம் எனக்கு நழுவியிருக்காதோ என்னவோ!

பேரன் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு, நூறிலிருந்து ஏழு ஏழாகப் பிரெஞ்சிலேயே கழித்தேன். மிச்சம் இரண்டு வரை தடங்கலில்லை. ஆனால் சாவி ஃபிரிட்ஜுக்குள் போனதற்கு எந்த மொழியிலும் சமாதானம் கிடைக்கவில்லை.

வரும் வியாழன் மறுபடியும் டாக்டர். பிரெஞ்சில் எண்ணட்டுமா என்று கேட்கப்போகிறேன். அப்போதும் தப்பினால், அது மறதிதான். தெரிந்துகொள்வது நல்லது.