ஐம்பது மூட்டை அரிசி

சிஎஸ்ஆர் என்றாலே நமக்கு ப்ரீ-பிளேஸ்மென்ட் டாக்கில் கடைசியாக வரும் ஸ்லைடுதான் ஞாபகம் வரும், இல்லையா? மரக்கன்று, ஸ்மார்ட் கிளாஸ்ரூம், சிரிக்கிற குழந்தைகள். நானும் ஒரு எண்ணெய் கம்பெனியில் வேலை கிடைக்கணும்னு காத்திருக்கிறவன்தான். அதனாலேயே போடோவைப் பற்றி உங்களிடம் சொல்லத் தோணுது.

போடோ, நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில் இருக்கும் ஊர். மீன்பிடிப்பும் விவசாயமும்தான் அங்கே பிழைப்பு. 2008-இல் அந்த வழியாகப் போகும் ஷெல்லின் பைப்லைன் இரண்டு முறை கசிந்தது. ஒவ்வொரு முறையும் வாரக்கணக்கில் கச்சா எண்ணெய் கொட்டியது. மீன் போச்சு, நண்டு போச்சு, அலையாத்தி மரங்கள் கருகிப் போச்சு. இரண்டுக்கும் காரணம் நாசவேலை இல்லை, குழாய்ப் பழுதுதான் என்று ஷெல்லே பிறகு ஒப்புக்கொண்டது.

அந்த ஊருக்கு நிவாரணமாக முதலில் என்ன கொடுக்க வந்தாங்க தெரியுமா? 50 மூட்டை அரிசி, 50 மூட்டை பயறு, கூடவே தக்காளி, கடலை எண்ணெய். ஊர் மக்கள் லண்டன் நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 2015-இல் ஷெல் 5.5 கோடி பவுண்டு தர சம்மதித்தது. அதில் 3.5 கோடி 15,600 பேருக்கு, மீதி 2 கோடி ஊருக்குப் பொதுவாக.

பசிக்கிற ஊருக்கு அரிசி கொடுப்பது தப்பில்லைங்க. ஆனா பட்ட கடனை அன்பளிப்பு மாதிரி நீட்டினால் எப்படி?

நம்ம நாட்டில் இதற்கு ஒரு கோடு இருக்கு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று வருட சராசரி நிகர லாபத்தில் 2% சமூகப் பணிக்குச் செலவழிக்கணும். வேறு சட்டம் ஏற்கெனவே கட்டாயமாக்கிய வேலையை அந்தக் கணக்கில் காட்டக் கூடாது என்று 2021-இல் விதியைத் திருத்தினாங்க. அதாவது, கொட்டிய எண்ணெயை அள்ளுவது சேவை இல்லை, கடமை.

இதில் நமக்கு என்ன வேலை என்று கேட்பீங்க. குழாயின் சுவர் எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்திருக்குன்னு அளந்து எழுதப்போறது நாமதானே? "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று மேலே தள்ளிப்போடும்போது, "இல்ல சார், இப்பவே மாத்தணும்" என்று எழுதிக் கையெழுத்துப் போடும் ஒரு ஜூனியர் இன்ஜினியர், பத்து ஸ்மார்ட் கிளாஸ்ரூமை விட அந்த ஊருக்கு உதவியா இருப்பார்.

வேலை கிடைத்தால், அந்தக் கையெழுத்தைப் போடும் தைரியமும் எனக்கு வேணும். உங்களுக்கும்தான்.